வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம்: டெல்டா கிராமத்தில் மூன்றையும் தனித்தனியாக அளப்பது எப்படி?

மாணவி_திருவாரூர்

முதலாண்டு சமூகவியல், சமூக அடுக்கமைவுத் தாளுக்கான களப்பயிற்சி. ஒரே கிராமத்தில் 40 வீடு. மாக்ஸ் வெபர் சொல்லும் வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன, எங்கே பிரிகின்றன என்று காட்ட வேண்டும். படிவத்தில் தொழில், நில அளவு, ரேஷன் அட்டை வகை, வீட்டுப் பொருட்கள், சாதி, ஊராட்சிப் பதவி ஆகியவை இருக்கின்றன. முன்னோட்டமாகச் சில வீடுகளில் கேட்டதில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரித் தெரிகிறார்கள்; மிச்ச வித்தியாசமெல்லாம் சாதி என்ற ஒரே கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறது. கேள்விகளில் எதை மாற்ற வேண்டும்?

---

பழைய நோட்டு

முதலில் ரேஷன் அட்டையை எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வருமானம் பார்த்துக் கொடுப்பதில்லை. மிராசுதார் வீட்டிலும் இருக்கும், கூலி வீட்டிலும் இருக்கும். வேறு மாநிலத்துப் பாடநூலிலிருந்து எடுத்த கேள்வி இங்கே எதையும் பிரிக்காது.

வீட்டுப் பொருள் பட்டியலுக்கும் அதே கதிதான். 2006க்குப் பிறகு அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. சந்தை ஆய்வு நிறுவனங்கள் வீடுகளைத் தரம் பிரிக்க 11 பொருள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, வண்ணத் தொலைக்காட்சி நான்கும் நம் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரித் தெரிவதற்கு இதுவே காரணம்.

இதைவிடப் பெரிய சிக்கல் கோட்பாட்டில் இருக்கிறது. வெபரிடம் வர்க்கம் என்பது சந்தையில் ஒருவர் நிற்கும் இடம். நிலம், பணம், திறமை, வெறும் உழைப்பு என்று எதைக் கொண்டுபோய் விற்க முடிகிறது, அதனால் என்ன வாழ்க்கை வாய்ப்பு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. எதை வாங்கி எப்படி வாழ்கிறார் என்பது அந்தஸ்துப் பக்கம் சேரும். வர்க்கம் உற்பத்தியையும் ஈட்டலையும் ஒட்டிப் பிரிகிறது, அந்தஸ்துக் குழு நுகர்வையும் வாழ்க்கைப் பாணியையும் ஒட்டிப் பிரிகிறது என்று அவரே வேறுபடுத்திச் சொல்கிறார். அவர் 1920இல் இறந்தார். 1922இல் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' நூலில் இந்தப் பகுதி இருக்கிறது. ஆக, டிவி, பைக், சோபா எண்ணிக்கையை வர்க்கம் என்ற தலைப்பின் கீழ் போட்டால் படிவத்திலேயே வர்க்கமும் அந்தஸ்தும் கலந்துவிட்டன. பிறகு அட்டவணையில் இரண்டும் பொருந்துகின்றன என்று வந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. நாம் வைத்ததை நாமே திருப்பி எடுக்கிறோம், அவ்வளவுதான்.

---

களப்பணி

நிலம் பற்றிய கேள்வியையும் உடைத்துக் கேட்க வேண்டும். "எவ்வளவு நிலம்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு டெல்டாவில் குறைந்தது நான்கு விதமான பதில் வரும்.

அளவு முதலில். பெரியவர்கள் மா, வேலி என்றுதான் சொல்வார்கள். தஞ்சாவூர்க் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வேலி 6.6 ஏக்கர். இளையவர்கள் ஏக்கரில் சொல்வார்கள். சொன்ன அலகை அப்படியே எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள். வாசலில் நின்று மனக்கணக்குப் போட்டால் தப்பு வரும். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால் மற்ற மாவட்டத்து எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது உரிமை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும், மூன்று பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்து உழுவார்கள். மூன்று வீட்டிலும் முழு நிலத்தையும் தங்கள் கணக்கில் சொன்னால் ஊரின் பரப்பே மூன்று மடங்காகிவிடும். "இந்தப் போகம் நீங்க சாகுபடி பண்ணினது எவ்வளவு?" என்று கேட்டால் இது தவிர்க்கப்படும்.

மூன்றாவது குத்தகை. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தாலும் வாய்மொழிக் குத்தகை இன்றும் பரவலாக இருக்கிறது. பதிவில்லாத குத்தகைதாரரிடம் "யார் நிலம்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும், நிலத்துக்காரர் காதுக்குப் போகுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் உரிமையாளர் பெயர் கேட்கவே கேட்காதீர்கள். விளைச்சலில் எவ்வளவு வெளியே போகிறது, மூட்டையாகவா பணமாகவா என்பது போதும். வாரமா (விளைச்சலில் பங்கு) நிலையான குத்தகையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான்காவது, "விவசாயம்" என்ற பதில். 10 ஏக்கர் வைத்துக்கொண்டு வயலில் இறங்காதவர், இரண்டு ஏக்கர் குத்தகை எடுத்து உழுபவர், நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவர் மூவரும் தொழில் "விவசாயம்" என்றே சொல்வார்கள். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் வர்க்க வேறுபாடு முழுவதும் காணாமல் போய்விடும்.

---

வெண்ணாறு

களப்பணி தோழர் சொன்ன நான்காவது விஷயம்தான் உயிர்நாடி. ஆனால் நில அளவை எவ்வளவு துல்லியமாகக் கேட்டாலும் அது பொருளின் அளவுதான், உறவின் அளவு இல்லை. மார்க்சியப் பார்வையில் யார் யாருடைய உழைப்பில் வாழ்கிறார்கள் என்பதே வர்க்கம். வாய்க்கால் தலைமடையில் இரண்டு போகம் எடுக்கும் மூன்று ஏக்கரும், கடைமடையில் தண்ணீர் வராத மூன்று ஏக்கரும் தாளில் ஒன்று.

பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக் 1970களில் முன்வைத்த அளவுகோல் இதற்குப் பயன்படும். முழு வடிவத்தில் குத்தகை வழியாகப் போகும் உழைப்பும் உண்டு. முதலாண்டுக்கு எளிய வடிவம் போதும்:

(வெளியாள் வந்து செய்த நாட்கள் – குடும்பத்தார் வெளியே கூலிக்குப் போன நாட்கள்) ÷ சொந்தச் சாகுபடியில் குடும்பத்தார் உழைத்த நாட்கள்

ஒரு வீட்டில் குடும்ப உழைப்பு 120 நாள், வெளியாள் 60 நாள், கூலிக்கு யாரும் போகவில்லை என்றால் விடை 0.5. சொந்த உழைப்பே பெரிது, கொஞ்சம் அடுத்தவர் உழைப்பும் சேர்கிறது. இன்னொரு வீட்டில் சொந்த வயலில் 40 நாள், வெளியாள் 10 நாள், கூலிக்குப் போனது 150 நாள் என்றால் (10 – 150) ÷ 40 = –3.5. பட்டா இருந்தாலும் அது அடிப்படையில் கூலி வீடு. விடை ஒன்றோ அதற்கு மேலோ என்றால் பணக்கார விவசாயி. குடும்பத்தில் யாருமே வயலில் கை வைக்காவிட்டால் வகுக்கும் எண் பூஜ்யம். அந்த வீட்டைத் தனியாக நிலவுடைமையாளர் என்று குறிக்க வேண்டும். சொந்தச் சாகுபடியே இல்லாமல் கூலிக்கு மட்டும் போகும் வீட்டிலும் பூஜ்யம்தான் வரும், அது மறுமுனை.

நாட்களை "வருஷத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். குறுவை, சம்பா, தாளடி என்று போகம் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாற்று, நடவு, களை, அறுப்பு என்று வேலை பிரித்துக் கேளுங்கள். கேள்விக்கு ஆண் பதில் சொல்கிறார் என்றால் வீட்டுப் பெண்களின் நடவு நாட்களும் களை நாட்களும் விட்டுப்போகும். அந்தப் பகுதியை மட்டும் பெண்களிடம் தனியாகக் கேட்பது அவசியம். களை எடுத்தது யார் என்று வீட்டு ஆம்பளைகளுக்கு நாள் கணக்கில் தெரியாது.

---

எண்கணக்கு

ஒரு எச்சரிக்கை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்தச் சூத்திரம் தடுமாறும். முன்பு ஒரு ஏக்கர் அறுப்புக்குப் பல ஆள்நாள் தேவைப்பட்டது. இன்று பெல்ட் வண்டி மணிக்கணக்கில் முடித்துவிட்டுப் போகிறது. வெளியாள் நாட்கள் குறைவதால் பெரிய விவசாயி நடுத்தர விவசாயி போலத் தெரிவார். இயந்திர மணியை ஆள்நாளாக மாற்றிச் சேர்க்க வேண்டாம், மாற்று விகிதத்தை நீங்களே கற்பனை செய்வதாகிவிடும். தனிப் பத்தியில் வாடகைத் தொகையாக எழுதுங்கள்.

இன்னொன்று, வீடு என்ற அலகு. அப்பா குத்தகை விவசாயி, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி, அம்மா நூறு நாள் வேலை. இந்த வீட்டின் வர்க்கம் எது? பிரிட்டனில் ஜான் கோல்ட்தார்ப் 1980களில் குடும்பத் தலைவரை வைத்து முடிவு செய்யலாம் என்றபோது பெண்ணியச் சமூகவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். முதலாண்டுப் பயிற்சியில் அந்தச் சண்டையைத் தீர்க்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள், வீட்டுக்கு ஒரு முத்திரை குத்தாதீர்கள். தொகுப்பைப் பின்னால் செய்யலாம். தொகுத்ததைப் பிரிக்க முடியாது.

---

மாணவி_திருவாரூர்

மிக்க நன்றி சார். வர்க்கம் ஓரளவு பிடிபடுகிறது. ஆனால் இப்படி அளந்தாலும் கடைசியில் சாதியோடு அப்படியே பொருந்தி வந்தால், "சாதிதான் வர்க்கம்" என்று எழுதிவிடலாமா?

---

பழைய நோட்டு

எழுதக் கூடாது. இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய ஆதாரம் இருக்கிறது. ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம், நூல் 1965இல் வந்தது. அக்கிரகாரம், குடியானத் தெருக்கள், சேரி என்று குடியிருப்பே மூன்றாகப் பிரிந்த ஊர். பழைய அமைப்பில் மூன்று அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன: பிராமணர் மிராசுதார், பிராமணரல்லாதாரில் பலர் குத்தகைதாரர், ஆதிதிராவிடர் பண்ணையாள்; அதிகாரமும் மேலேயே இருந்தது. பெத்தேய் காட்டியது இந்தப் பொருத்தம் குலைந்துவந்ததை. பிராமணர்கள் நகரத்து வேலைக்குப் போனார்கள், நிலம் கைமாறியது, ஊராட்சித் தலைமை பிராமணரல்லாதாரிடம் வந்தது. சடங்கு உயர்வு ஓரிடத்தில், வாக்கு எண்ணிக்கையும் கட்சித் தொடர்பும் இன்னோரிடத்தில்.

கவனியுங்கள்: மூன்றையும் ஆரம்பத்திலேயே ஒன்று என்று எழுதியிருந்தால் இந்தப் பிரிவை அவரால் பார்த்திருக்கவே முடியாது. பொருந்துகின்றன என்று சொல்வதற்கே தனித்தனியாக அளக்க வேண்டும்.

---

வெண்ணாறு

ஸ்ரீபுரத்தைப் படித்தால் கேத்லீன் காஃபையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அதே மாவட்டத்தில் கும்பப்பேட்டை என்ற புனைபெயர் கொண்ட ஊரில் இருந்தார், 1976இல் திரும்பவும் வந்தார். அவர் தேடியது உற்பத்தி உறவு. வெபர் வழியில் போனால் பதவி கைமாறியது தெளிவாகத் தெரியும். சேரியில் கூலி மாறாமல் நின்றது பின்னால் போய்விடும். தலைவர் நாற்காலி அக்கிரகாரத்திலிருந்து குடியானத் தெருவுக்கு வந்ததால் பண்ணையாளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றாத கோட்பாடு எனக்குப் போதாது.

கீழவெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஒரு பக்கம் நெல் உற்பத்தியாளர் சங்கம், மறுபக்கம் செங்கொடிச் சங்கம். இது வர்க்கப் போர் இல்லாமல் வேறென்ன?

---

களப்பணி

வர்க்கப் போர்தான், தோழர். ஆனால் இறந்த 44 பேரும் தலித்துகள். கேட்டது கூலி, நெருப்பு போனது சேரிக்கு. கூலித் தகராறு மட்டும் என்றால் ஏன் அந்தத் தெரு, ஏன் அந்த அளவுக் கொடூரம் என்பதற்கு வர்க்கம் என்ற ஒற்றைச் சொல் பதில் தராது. தனக்குக் கீழே என்று கருதப்பட்டவர்கள் சங்கம் வைத்துக் கொடி ஏற்றி நேருக்கு நேர் பேரம் பேசியதை அந்தஸ்து மீறலாகப் பார்த்ததும் அதில் இருக்கிறது.

வழக்கின் போக்கையும் சேர்த்துப் படியுங்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள், நிறைய நிலம் உடையவர்கள், ஒருவருக்குக் காரும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்பது தீர்ப்பில் வந்த காரணங்களில் ஒன்று. அந்தஸ்து எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் காட்ட இதைவிடக் கசப்பான உதாரணம் கிடையாது. சொத்து வர்க்கத்தைச் சேர்ந்தது. சொத்துள்ளவர் இன்னதைச் செய்யமாட்டார் என்ற எதிர்பார்ப்பு அந்தஸ்தைச் சேர்ந்தது. அது நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது அதிகாரம். மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றன.

---

வெண்ணாறு

தீர்ப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அடுத்த ஆண்டே, 1969இல், கிழக்குத் தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது என்பதையும் மாணவி குறித்துக்கொள்ளட்டும். அது சங்கம் இல்லாமல் வந்திருக்காது. சாதி எங்கே தாக்குவது என்பதை முடிவு செய்தது, வர்க்கம் எதற்காகத் தாக்குவது என்பதை. இந்த இரண்டையும் ஒன்றாக்காமல் எழுதினால் எனக்கு மறுப்பில்லை.

---

மாணவி_திருவாரூர்

அந்தஸ்தை எப்படிக் கேட்பது? "ஊரில் யாருக்கு மரியாதை அதிகம்?" என்று கேட்டால் எல்லாரும் "இங்க எல்லாரும் சமம்தாங்க" என்கிறார்கள்.

---

களப்பணி

கேட்காதீர்கள், பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் கிஷன் கடி என்ற ஊரில் மெக்கிம் மேரியட் செய்தது இதைத்தான்: யார் கையால் யார் என்ன உணவு வாங்குகிறார்கள் என்று கட்டம் கட்டினார். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். அபிப்பிராயம் எதுவும் கேட்காமலே வரிசை வெளிவந்துவிடும்.

நம் ஊரில் பார்க்க வேண்டியவை: கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குள் வருகிறது, எங்கே திரும்பிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர் திண்ணையோடு நிற்கிறாரா உள்ளே வந்து உட்காருகிறாரா. மொய் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் போவது யார். இருபது வயதுப் பையன் அறுபது வயதுக் கூலிக்காரரை "வா, போ" என்கிறானா. பேச்சில் வரும் விகுதியை மட்டும் ஒரு வாரம் குறித்தாலே போதுமான தரவு கிடைக்கும். யார் யாரிடம், எந்த இடத்தில், என்ன விகுதி என்று மூன்று பத்தி.

தங்குமிடம் மிக முக்கியம். பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் அங்கே கதவுகள் திறந்தன, சேரிக்குப் போய்வருவது சிக்கலானது. இதை அவரே பதிவு செய்திருக்கிறார். முதல் நாள் எந்தத் தெருவில் தண்ணீர் குடித்தீர்கள் என்பது மறுநாள் மற்றத் தெருக்களில் உங்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். முடிந்தால் தலித் குடியிருப்பில் தொடங்குங்கள்.

---

பழைய நோட்டு

அதிகாரத்துக்கு ஊராட்சிப் பதவியை மட்டும் எழுதுவது போதவே போதாது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை அங்கே முறையாக நிர்வாகம் நடக்கவிடவில்லை. சட்டப்படி பதவி இருந்தது, அதிகாரம் வேறெங்கோ இருந்தது.

பதவி கிடைத்த ஊரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மாநிலத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒதுக்கீட்டில் வந்த தலைவரைத் துணைத்தலைவர் கையெழுத்து மறுத்தே முடக்கலாம். அதனால் "தலைவர் யார்?" என்பதை விட்டுவிட்டு, கடந்த இரண்டு ஆண்டில் நடந்த மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சாலை, ஒரு குடிநீர்த் தொட்டி, நூறு நாள் வேலை நடந்த இடம். யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்தார், யார் சொன்னது நடந்தது? ராபர்ட் டால் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலில் கையாண்டது இந்த முறை. அதன் ஓட்டையைப் பீட்டர் பக்ரக்கும் மார்ட்டன் பாரட்சும் மறு ஆண்டே சுட்டினார்கள்: கூட்டத்துக்கே வரவிடாமல் தடுக்கப்பட்ட விஷயங்களும் அதிகாரம்தான். ஆகவே நான்காவதாக, "கிராம சபையில் எழுப்ப நினைத்து எழுப்பாதது எது?" என்றும் கேளுங்கள். சுடுகாட்டுப் பாதை என்ற பதில் பல ஊர்களில் வரும்.

---

எண்கணக்கு

மாதிரி எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. 40 வீட்டை மெயின் ரோட்டிலிருந்து வரிசையாக எடுத்தால் ஒரே சாதித் தெருவில் முடிந்துவிடும். வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெரு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவின் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு போடுங்கள். 300 வீடு இருந்தால் ஏழு அல்லது எட்டு வீட்டுக்கு ஒன்று. இறந்தவர்கள், வெளியூர் போனவர்கள் பெயர் பட்டியலில் இருக்கும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்காமல் மாலையில் திரும்பப் போங்கள். பகலில் பூட்டிய வீடு பெரும்பாலும் கூலி வீடு. அதை விட்டுவிட்டால் மாதிரி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும்.

அட்டவணையில் சதவீதம் போட வேண்டாம். மூன்று வர்க்கம், மூன்று சாதித் தொகுதி, அதிகாரம் உண்டு அல்லது இல்லை என்று பிரித்தால் 18 கட்டம். கட்டத்துக்குச் சராசரியாக இரண்டு வீடு. எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள். உங்கள் ஆய்வின் சுவையான பகுதி மூலைவிட்டத்துக்கு வெளியே விழும் வீடுகள்தான்: நிலமில்லாத உயர்சாதி வீடு, நிலம் வாங்கிய தலித் வீடு, பதவி இருந்தும் திண்ணையில் நிறுத்தப்படுபவர். அவற்றில் நான்கைந்தைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

---

மாணவி_திருவாரூர்

கடைசியாக ஒன்று. ஊரில் கணிசமான நிலம் கோயிலுக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு உழுகிறவர்களைச் சாதாரணக் குத்தகைதாரர்களோடு சேர்க்கலாமா?

---

களப்பணி

சேர்க்காதீர்கள், தனிக் குறியீடு கொடுங்கள். நிலத்துக்காரர் இங்கே ஒரு நிறுவனம். குத்தகை நிர்ணயமும் நிலுவையும் அறநிலையத்துறை அலுவலகத்தோடு. தனியாரிடம் குத்தகை எடுத்தவர் போல அவர் ஒரு மிராசுதாரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மாறாக, ரசீது யார் பெயரில் என்ற பிரச்சினை வரும். ரசீதில் உள்ள பெயரும் உழுகிறவரும் வேறாக இருந்தால் அது உள்குத்தகை. அப்போது ரசீதுக்காரர் வெண்ணாறு தோழர் சொன்ன சூத்திரத்தில் நிலவுடைமையாளர் பக்கம் போவார், உழுகிறவர் குத்தகைதாரர். "ரசீது உங்க பேர்லயா, வேற பேர்லயா?" என்று மட்டும் கேளுங்கள், வேறு பெயர் என்றால் அது யார் என்று கேட்க வேண்டாம்.